மெத்தைக்கு வைத்த தண்ணீர்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் உங்களில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "ஒன்பதாவது படிக்கையில மொத பெஞ்சுல இருந்தவ, திடீர்னு கடைசி பெஞ்சுக்கு ஏண்டி போன?" அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது, தலையில் ஒன்றிரண்டு நரையும் வந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. கடைசி பெஞ்சில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் என்மேல் படும் காற்று அப்படியே வெளியே போய்விடும், உங்கள் பக்கம் வராது என்று நினைத்தேன். என் உடுப்பில் புண் வாடை இருந்தது. புண் எனக்கில்லை, என் அப்பாவுக்கு.

என் அப்பா நெடுங்காட்டுப் பக்கம் வயல்களுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர். சொந்த நிலம் கிடையாது. யார் வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும், எப்போது மடையைத் திறக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. காவிரியின் கடைசிக் காணி நம்முடையது. மேலே உள்ளவர்கள் எல்லாம் எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு வரும். வந்த அன்றைக்கு வரப்பு தளும்பப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இப்படித்தான் எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள், பெரியப்பாவும் அப்படித்தான்.

அந்தத் தை மாதம் அறுவடை நேரத்தில் மழை பெய்தது. பண்ணைக்காரர் வயலில் இறங்கிய டயர் வண்டி, அதுதான் அறுக்கும் இயந்திரம், பாதி வயலில் அச்சு வரைக்கும் புதைந்தது. டயர் சுற்றச் சுற்றச் சேறுதான் பின்னால் தெறித்தது. அதை ஓட்டிவந்தவர் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. நாங்கள் வரப்பில் நின்று சிரித்தோம். இரண்டு நாள் கழித்து நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பெல்ட் வண்டி வந்தது. டயருக்குப் பதில் அகலமான ரப்பர் பட்டை. டயர் வண்டியைவிடக் கனம் அதிகம் என்று சொன்னார்கள். ஆனால் புதைந்த வண்டிக்குப் பக்கத்திலேயே, அதே சேற்றில், கோரைப் பாயை விரித்ததுபோல் ஒரு தடத்தை மட்டும் போட்டுக்கொண்டு போனது. அப்பா அதன் முன்னால் வெறுங்காலோடு நடந்து மேடு பள்ளம் காட்டினார். அவர் நடந்து நான் பார்த்த கடைசி வேலைகளில் அது ஒன்று.

மாசியில் வைக்கோல் ஏற்றினார்கள். டிராக்டர் டிரெய்லரில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றி, அதன் உச்சியில் அப்பா உட்கார்ந்து வந்தார். வாய்க்கால் மதகு மேல் சக்கரம் ஏறி இறங்கிய குலுக்கலில் கயிறு அறுந்தது. வைக்கோலும் அப்பாவும் சேர்ந்தே சரிந்தார்கள். மதகின் சிமெண்ட் கட்டை விளிம்பில் அப்பாவின் முதுகு பட்டது.

"ஒரு மொழம் இந்தப் பக்கம் வுழுந்திருந்தா சேத்துல வுழுந்திருப்பான். எந்திரிச்சு, கால கழுவிட்டு வந்திருப்பான்" என்று பெரியப்பா வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னார். அதே உயரம், அதே உடம்பு. சேறு என்றால் முதுகு முழுவதையும் வாங்கியிருக்கும். விளிம்பு ஒரே ஓர் எலும்பைத்தான் வாங்கியது. இதை இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பரீட்சை எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன்.

சித்திரையில் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி இல்லை. எறும்பு ஏறினால் தெரியாது, சூடு பட்டால் தெரியாது. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மரக்கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். ஜன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடந்த வயல்.

அம்மாதான் முதலில் பார்த்தாள். உடம்பு துடைக்கும்போது, முதுகுத்தண்டு முடியும் இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம். வேர்க்குரு என்று பவுடர் போட்டாள். சில நாளில் அது கறுத்தது.

"வலிக்குதாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"எது?"

"பின்னாடி. ஒரு புண்ணு மாதிரி இருக்கு."

"இல்லியே. ஒண்ணும் தெரியல."

"அப்ப சின்னதுதான்" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து. வலிதான் எங்களுக்கு அளவு. வலிக்காத புண் பெரிதாக இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வைகாசியில் அந்தக் கறுப்புத் தோல் கழன்று விழுந்தபோது உள்ளே என் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் குழி இருந்தது.

சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸம்மா சைக்கிளில் வந்தார். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

"படுக்கைப் புண்ணுங்க இது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் போடணும். ஒரே எடத்துல பாரம் நிக்கக் கூடாது. இது எலும்பத் தொட்டுடுச்சுன்னா ரத்தத்துல வெஷம் ஏறிடும். அப்பறம் ஆளு இருக்க மாட்டாரு. சொல்லிட்டேன்."

அப்பா படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "யாருக்கு நர்ஸம்மா?" என்றார்.

"ஒங்களுக்குத்தாங்க."

"ஓ" என்றார்.

அத்தை, அப்பாவின் தங்கை, காரைக்காலில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். பழைய டிராக்டர் டியூபுக்குக் காற்றடித்துக் கொண்டுவந்தாள். டியூபின் நடு ஓட்டையில் புண் வரும்படி அப்பாவை வைத்தால் புண் எதிலும் படாதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு உடம்பும் அந்த வளையத்தின் மேல் நின்றது. ஒரு வாரத்தில் புண்ணைச் சுற்றி நீலமாக ஒரு வளையம் கண்டது. நர்ஸம்மா பார்த்துவிட்டு டியூபைத் தூக்கித் தெருவில் எறிந்தார். தெருப் பிள்ளைகள் கொஞ்ச நாள் அதை உருட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அத்தை விடவில்லை. அவள் வேலை செய்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்பார்கள். அவர் படுக்கையில் கிடந்து இறந்துபோன பிறகு அவருடைய தண்ணீர் மெத்தை பரணில் கிடந்தது. அந்த வீட்டம்மாவிடம் கேட்டு வாங்கி, மடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். செங்கல் நிற ரப்பர். விரித்தபோது பழைய பவுடர் வாசனையும் சைக்கிள் கடை வாசனையும் சேர்ந்து வந்தன. ஒரு மூலையில் கறுப்புத் திருகு மூடி. எங்கள் வீட்டுக்குள் வந்த பொருள்களிலேயே விலை கூடியது அதுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

தண்ணீர் நிரப்பியது பெரியப்பா. பக்கத்துக் கொல்லை மோட்டாரிலிருந்து ஹோஸை இழுத்துவந்து, அதன் வாயை மெத்தையின் மூலையில் சொருகி, முழங்காலிட்டுப் பிடித்துக்கொண்டார். தெருவே வந்து பார்த்தது.

"போதும் மாமா, உப்பிப்போயி நிக்குது" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. வர்றப்ப புடிச்சாத்தான் உண்டு. தண்ணி கொறஞ்சா முதுகு கட்டைய இடிக்கும். நல்லா கிண்ணுனு நிக்கணும்."

கிண்ணென்று நின்றது. தட்டினால் மேளம் போல ஒலித்தது. நான்கு பேர் அப்பாவைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். அவர் மெத்தையில் அமிழவே இல்லை, மேலேயே கிடந்தார். எல்லோருக்கும் திருப்தி. அப்பாவுக்கும்தான்.

"அண்ணே, இங்கேருந்து பாத்தா வயலு தெரியுது" என்றார். கட்டிலில் வெறுமனே படுத்திருந்தபோது ஜன்னல் கட்டைக்கு மேல் தென்னை மட்டையும் வானமும்தான் தெரிந்தன. மெத்தை அவரை உயர்த்தியிருந்தது. வாய்க்கால் வளைவு, மடை, அதற்கு அப்பால் நாற்றங்கால் எல்லாம் தெரிந்தன. அன்று மாலை முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புண் ஆறவில்லை. வாடை கூடியது. பள்ளி திறந்து ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்த இரண்டாம் வாரம் நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன். காலையில் புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டுத்தான் வருவேன். சோப்புப் போட்டுக் கை கழுவினாலும் போகாது. நீங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் நான் கடந்து போகும்போது மூக்கைத் துடைப்பதுபோலக் கர்ச்சீப்பை எடுப்பாள். அது யார் என்று எழுதப்போவதில்லை.

அழுத்தம் பாடம் நடந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அறிவியல் டீச்சர் நம்மை மைதானத்துக்குப் பின்னால் இருந்த ஈர மண்ணுக்குக் கூட்டிப்போனார். முதலில் இரண்டு காலில் நில், பிறகு ஒரு காலில் நில், எது ஆழமாகப் பதிகிறது என்று பார் என்றார். "டீச்சர், இவள நிக்கவெச்சா கெணறே தோண்டிடலாம்" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டினாள். அவள் துரத்த, இவள் ஓட, வகுப்பே கலைந்தது. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எடை மாறுச்சா? மாறல. அப்ப என்ன மாறுச்சு?" என்றார்.

"பரப்பு" என்று நான்தான் சொன்னேன். மற்றவர்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்ததால் டீச்சருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவள் நான். அம்மாவும் அப்பாவும் பெரியப்பாவும் கைநாட்டு. புத்தகத்தில் இருப்பது புத்தகத்திலேயே இருக்கும், அதைப் பரீட்சைத் தாளுக்கு மாற்றி எழுதினால் மார்க் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து அப்பாவைப் புரட்டும்போதுதான் மெத்தையைப் பார்த்தேன். அதற்கு முன்னாலும் தினமும் பார்த்ததுதான். அப்பாவின் உடம்பு அதில் எங்கெல்லாம் படுகிறது என்று கைவிட்டுப் பார்த்தேன். தோள் பட்டது. வால் எலும்பு பட்டது. குதிகால் பட்டது. இடுப்பு வளைவிலும் தொடைக்குக் கீழேயும் கை சுலபமாகப் போய்வந்தது. அவ்வளவு தண்ணீரும் சும்மா கிடந்தது. அப்பா பாதிக்கு மேல் அந்த ஓர் எலும்பின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா நாற்றுப் பறிக்கப் போயிருந்தாள். பெரியப்பா வாய்க்காலில் இருந்தார்.

"யப்பா, மெத்தையில கொஞ்சம் தண்ணிய எடுத்துவுடட்டுமா?"

"ஏன் ஆயி?" எங்கள் பக்கம் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"டயரு வண்டி பொதைஞ்சுச்சே, பெல்ட்டு வண்டி ஏன் பொதையல?"

"பெல்ட்டு அகலம்ல. பாரத்த பரத்தி வாங்கிக்கும்."

"ஆங். நீ இப்ப டயரு வண்டி. ஒரு எடத்துல அமுக்குற. மெத்த இறுக்கமா இருக்கு, ஒனக்கு வளைஞ்சு குடுக்க மாட்டேங்குது. தண்ணி கொறைஞ்சா நீ உள்ள போவ. முதுகு, தொட, எல்லாமே பாரத்த வாங்கிக்கும்."

"உள்ள போனா முங்கிட மாட்டனே?"

"மாட்ட."

"அப்ப தொற."

மூடியைத் திருகி, வாளி வைத்துப் பிடித்தேன். தண்ணீர் சூடாக இருந்தது, ரப்பர் வாடையோடு. வாளி வாளியாகக் கொல்லையில் ஊற்றினேன். அப்பா மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்தார். நடுநடுவே மெத்தைக்கு அடியில் கையை நுழைத்து, அவருக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். எலும்பு பலகையை இடிக்கக் கூடாது, அதே சமயம் உடம்பு முழுக்க அமிழ்ந்து இருக்க வேண்டும். அந்த அளவு வந்ததும் மூடினேன். இடுப்பு வளைவில் கையைவிட்டுப் பார்த்தேன். சந்து இல்லை, ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

பெரியப்பா வந்து மெத்தையைத் தட்டினார். ஓசை வரவில்லை.

"யாரு தொறந்தது இத?"

"நாந்தான் பெரியப்பா. நெறஞ்சு இருந்தா புண்ணு ஆறாது."

"ஒம்போதாங் கிளாசு படிக்கிறவ டாக்டராயிட்டியா? அவன் முதுகு கட்டையில பட்டு நாளைக்கு ஒண்ணுன்னா நீயா பதில் சொல்லுவ?" கையில் மண்வெட்டி இருந்தது. அதைக் கீழே வைக்கவும் இல்லை. "மோட்டாரப் போடச் சொல்லு."

நான் நகரவில்லை. மரியாதை இல்லாமல் நின்றேன் என்றுதான் பிறகு அத்தை சொன்னாள்.

"அண்ணே" என்றார் அப்பா. "நட்ட அன்னிக்கு வயலுக்கு வரப்பு தளும்ப தண்ணி வெப்பியா நீ?"

"வெச்சா நாத்து மெதந்துடும்டா. இது கூடவா தெரியாது?"

"நானும் மெதந்துகிட்டுதான் கெடந்தேன். இப்பதான் ஊணியிருக்கேன். வுட்டுடு. இந்த மெத்தைக்கு தண்ணி வெக்கிறது ஆயி பாத்துக்கட்டும்."

பெரியப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்குப் பயமும் இல்லை, ஜெயித்த மாதிரியும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், கட்டு மாற்ற வேண்டும், வீட்டுப்பாடம் எழுத வேண்டும். நாள் அப்படியே போனது.

அந்த வாரம் நடவு தொடங்கியது. பெண்களின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது. "எந்தத் தாக்குல நடுறாங்க ஆயி?" என்று கேட்டார் அப்பா. வயல் துண்டைத் தாக்கு என்போம்.

"தெரியுதே, பாருப்பா."

"தெரியலயே."

அவர் தலைமாட்டில் குனிந்து அவர் கண் உயரத்திலிருந்து பார்த்தேன். ஜன்னல் கட்டைக்கு மேல் தென்னை மட்டையும் வானமும்தான். வயலைக் காணவில்லை. தண்ணீரை எடுத்த நிமிடமே அது அவருக்கு மறைந்திருக்கிறது. அவர் சொல்லவே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா யாரிடம் சொன்னாளோ, நான்காம் நாள் பெரியப்பா வந்தார். என்னிடம் பேசவில்லை. சைக்கிள் கேரியரில் செங்கல் கட்டி எடுத்துவந்திருந்தார், கூடவே அகலமான நாலு பலகைத் துண்டுகள். எங்கள் வீட்டுத் தரை மண் தரை. வெறும் செங்கல்லை வைத்தால் கட்டில் கால் தரைக்குள் இறங்கிவிடும். முதலில் பலகை, அதன்மேல் செங்கல், அதன்மேல் கட்டில் கால் என்று ஒவ்வொன்றாக நெம்பித் தூக்கி வைத்தார். நான்காவது கால் ஏறியதும் அப்பாவிடம், "தெரியுதாடா?" என்றார்.

"கெழக்குத் தாக்கு" என்றார் அப்பா. "வளைச்சு நடுறாளுவ. தண்ணி கொஞ்சம் கூட நிக்குது. வடிய வுடு."

"போறேன் போறேன்" என்றார் பெரியப்பா. போகும்போது மெத்தையைத் தட்டிப் பார்த்தார். பழக்கதோஷம். மோட்டார் ஹோஸ் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

ஆடியில் புண்ணின் வாடை குறைந்தது. முதலில் அதைக் கவனித்தது ஈக்கள்தான், வருவது குறைந்தது. புரட்டாசியில் குழி மேலெழுந்து, ஓரத்தில் ரோஜா நிறத்தில் தோல் கண்டது. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி ஒரு வாரம் எல்லாம் ஈரம், மறுபடி கொஞ்சம் பின்வாங்கியது. நர்ஸம்மா திட்டினார். மெத்தை மட்டுமே புண்ணை ஆற்றிவிடவில்லை. அம்மா தூக்கத்தில் பாதியை விட்டு எழுந்து புரட்டினாள், அத்தை அவித்த முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் மெத்தை இறுகி நின்றிருந்தால் இதெல்லாம் வீண்தான். இன்று நான் அணைக்கட்டும் மதகும் கணக்குப் போடும் வேலையில் இருக்கிறேன். எந்தச் சுவர் எவ்வளவு தாங்கும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். என் முதல் கணக்கு அதுதான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அப்பா நான் பொறியியல் கல்லூரியில் சேரும் வரை இருந்தார். சிறுநீரகத்தில் தொற்று வந்து போனார். புண்ணால் போகவில்லை. மெத்தையை அத்தை திரும்பக் கொண்டுபோனாள். சொல்தா வீட்டம்மா அதை யாருக்குக் கொடுத்தார் என்று தெரியாது.

புண் மூடியது அந்த வருஷ மார்கழியில். நர்ஸம்மா பஞ்சால் துடைத்துப் பார்த்துவிட்டு, "மூடிடுச்சுங்க. இனிமே கட்டு வேணாம். ஆனா இந்த எடம் எப்பவும் பலவீனம்தான், பாத்துக்குங்க" என்றார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த எடம்?" என்றார் அப்பா.

"இங்கதாங்க" என்று நர்ஸம்மா விரலை வைத்தார்.

"எங்க?"

அவருக்கு அது எங்கே இருந்தது என்று அன்றுவரை தெரியவே இல்லை. வலித்ததில்லை, பார்த்ததும் இல்லை. அத்தனை மாதமும் நாங்கள் சொன்னதை நம்பிக்கொண்டு கிடந்திருக்கிறார். நான் அவர் வலது கையைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய், ஆள்காட்டி விரலை அந்தப் புதுத்தோலின் மேல் வைத்தேன். விரல் அங்கே மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்தது.

"வழவழன்னு இருக்கு ஆயி" என்றார். விரலை எடுக்காமலே, "இது என் ஒடம்புதானா?"

"ஆமாப்பா."

"சரி" என்றார், கையை எடுத்துக்கொண்டு.

புரட்டிப் போட வேண்டிய நேரம் ஆகியிருந்தது. அம்மா எழுந்து வந்து தோளைப் பிடித்தாள். நான் இடுப்பைப் பிடித்தேன்.